டிக்கெட் அக்காவின் சனிக்கிழமைக் குழம்பு

அந்தமானில் நிலநடுக்கத்துக்கு அடுத்தபடியாக அதிகம் பேரை ஆட்டி வைத்தவர் டிக்கெட் அக்காதான். நிலநடுக்கமாவது எப்போதோ ஒருமுறை வரும். அக்கா தினமும் காலையில் கவுண்டரைத் திறந்துவிடுவார்.

போர்ட் பிளேரிலிருந்து மற்ற தீவுகளுக்குப் போகிற கப்பல்களுக்கு டிக்கெட் கொடுக்கும் ஜன்னல்களில் ஒன்று அவருடையது. அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தமிழர்களுக்கு டிக்கெட் அக்கா, மற்றவர்களுக்கு டிக்கெட் தீதீ. கப்பல் நிரம்பிவிட்டது என்று சொன்ன பிறகும் எவராவது ஜன்னலுக்குள் தலையை நுழைத்துக் கெஞ்சினால், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து ஒரு கத்தல் வரும்.

"ஷிப் மேரே பாப் கா நஹீ ஹை!"

கப்பல் எங்கப்பன் வீட்டுச் சொத்தில்லை என்று அர்த்தம். பெரிய ஆபீசர், புதுமாப்பிள்ளை, மெயின்லேண்டிலிருந்து வந்த சுற்றுலாக்காரர், எவராக இருந்தாலும் இதுதான் பதில். நுழைத்த தலைகள் நுழைத்த வேகத்திலேயே வெளியே வந்துவிடும்.

இப்பேர்ப்பட்டவர் டெலானிபூர் மேட்டில், அரசாங்கக் குவார்ட்டர்ஸில், எங்கள் வீட்டுக்கு நேர் மாடியில் குடியிருந்தார். நானும் மாலதியும் கல்யாணமாகி அங்கே குடிவந்த புதிது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கதவைத் தட்டி, பட்டுப்புடவையும் தலைநிறையப் பூவுமாக நின்றார்.

"தம்பி, இன்னைக்கு எங்களுக்கு டேட்டிங். தண்ணி வந்தா நம்ம டிரம்மையும் நெரப்பிருங்க."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். அக்காவுக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. அவருக்குப் பின்னால், படியில், இஸ்திரி போட்ட சட்டையில் அவர் கணவர் நின்றிருந்தார். கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர். பனைமரம் மாதிரி உயரம். பேச்சு என்று எடுத்துக்கொண்டால் "ம்" மட்டும்தான். கையில் டிபன் கேரியரும் மடக்கு நாற்காலிகளும் வைத்திருந்தார்.

"அக்கா, டேட்டிங்னா... எங்கே?" என்றாள் மாலதி, வாயை மூடாமலே.

"சாத்தம் ஜெட்டிக்கு. பம்பூ ஃப்ளாட் போற படகுல ஏறி உக்காந்துருவோம். அது போகும் வரும், போகும் வரும். கடல் காத்து, தயிர்ச்சோறு, அவுக பக்கத்துல. வேற என்ன வேணும்?"

நான் அதை நம்பவில்லை. அடுத்த வாரம் என் ஆபீஸ் நண்பர் பதறிக்கொண்டு வந்தார். ஸ்கூட்டர்களும் ஜீப்பும் ஏற்றுகிற படகில், வண்டிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு, டிக்கெட் அக்கா தன் கணவருக்கு ஊறுகாய் ஊட்டிவிட்டதைக் கண்ணால் பார்த்தாராம். "எனக்கு போன வாரம் டிக்கெட் இல்லேன்னு துரத்தின அதே கை சார்!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

ஒருதரம் லம்பா லைன் பக்கம் விமான நிலைய வாசலில் நானே பார்த்துத் தொலைத்தேன். மெயின்லேண்டிலிருந்து யாரையோ அழைத்துவர நின்றிருந்தேன். பெயர் எழுதிய அட்டைகளோடு நிற்கும் டாக்ஸி டிரைவர்கள் வரிசையில் டிக்கெட் அக்கா. அவர் கையிலும் ஒரு அட்டை, அதில் கம்பவுண்டர் மாமாவின் பெயர். கொஞ்ச நேரத்தில் பயணிகள் கூட்டத்தோடு கூட்டமாக, கையில் பெட்டியுடன் மாமா நடந்து வந்தார். அக்கா ஓடிப்போய் அவர் கழுத்தில் மாலை போட்டார். டிரைவர்கள் கைதட்டினார்கள். காவலுக்கு நின்றவர் பயபக்தியோடு, "கஹான் சே ஆயே, அங்கிள்?" என்று எந்த ஊரிலிருந்து வருகிறார் எனக் கேட்டார்.

"டெலானிபூர்" என்றார் மாமா.

காவல்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மாமா எந்த விமானத்திலும் வரவில்லை. டீக்கடைப் பக்கமிருந்து பெட்டியோடு வந்து கூட்டத்தில் கலந்திருக்கிறார். பெட்டிக்குள் இருந்தது தக்காளிச் சோறு.

இதனால் எங்கள் வீட்டில் வந்த விளைவுகளை விவரித்து எழுத மாலதி அனுமதி தரவில்லை. "நாம எப்ப?" என்ற கேள்வி காலை, மாலை இரண்டு வேளையும் வந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்புறம் மாமாவை ஹட் பேக்கு மாற்றிவிட்டார்கள். லிட்டில் அந்தமான் தீவு. கப்பலில் ஒரு பகல் பயணம். கடல் கோபித்துக்கொண்டால் கப்பலே போகாது. டெலானிபூர் முழுக்க அக்காவுக்காக வருத்தப்பட்டது. அக்கா ஜெட்டியில் அவரைக் கப்பலேற்றிவிட்டு வந்து, மாடிப்படியில் நின்று அறிவித்தார்.

"டேட்டிங் நிக்காது."

அந்தச் சனிக்கிழமையே தொடங்கியது. இங்கே அக்கா அடுப்பு முன்னால் போனை வைத்துக்கொள்வார், அங்கே மாமா. ஒரே நேரத்தில் ஒரே குழம்பை இருவரும் சமைத்து, ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். மாமாவுக்கோ வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. ஹட் பேயில் நெட்வொர்க்கும் சுமார்தான். ஆகவே அக்கா கத்தித்தான் ஆகவேண்டும்.

"ஏங்க, அடுப்பு பத்திட்டா? பத்தலையா? அமுக்கித் திருகுங்க! எந்தப் பக்கமாவா? இடது பக்கம்! உங்க இடது! ... எண்ணெய் காஞ்சிட்டா? கடுகப் போடுங்க. பொரியுதா? பொரியலையா? அப்பம் எண்ணெய் காயுறதுக்கு முன்னால எதுக்குப் போட்டீக?"

சனிக்கிழமைச் சமையலில் அக்காவுக்கு ஒரு கொள்கை இருந்தது. "அரைச்சு இடிச்சுச் செய்யணும்னா அது டேட்டிங் இல்ல தம்பி, டூட்டி" என்பார். முட்டைக் குழம்பு, தக்காளி ரசம், தேங்காய்ப்பால் ஊற்றிய சூரை மீன், இப்படிச் சுலபமானவை மட்டும்தான். கத்தலோ மேடு முழுக்கக் கேட்கும். நாளடைவில் நாங்களெல்லாம் சனிக்கிழமை தனியாகச் சமையல் யோசிப்பதையே விட்டுவிட்டோம். அக்கா வெங்காயம் என்றால் எல்லா வீட்டிலும் வெங்காயம் வதங்கியது. ஒருநாள் தண்ணீர் மோட்டார் சத்தத்தில் ஒரு வரி தவறிப்போக, எதிர் பிளாக் பெங்காலி அம்மாள் கரண்டியோடு வெளியே ஓடிவந்து என்னைக் கேட்டார்.

"தாதா, டிக்கெட் தீதீ நே இம்லி போலா கி நஹீ?"

புளி சொன்னாரா இல்லையா, அண்ணா, என்று கேட்கிறார். "போலா, போலா" என்றேன். ஓடினார்.

இப்படி நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை ரசம். "கறிவேப்பிலையக் கையில எடுத்தீகளா?" என்று அக்கா கேட்டு முடிக்கவில்லை. போனில் 'டமார்' என்று ஒரு சத்தம். "ஏய்! ஏய்! ஐயோ!" என்று மாமாவின் குரல். அப்புறம் ஒன்றுமே இல்லை.

"ஏங்க... ஏங்க..."

அக்கா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மேடு முழுக்கக் கரண்டிச் சத்தம் நின்றது. நான் படியேறி ஓடினேன், எனக்குப் பின்னால் மாலதி, அவளுக்குப் பின்னால் பெங்காலி அம்மாள். மாமாவின் போன் அணைந்து கிடந்தது. ஹட் பேயில் தெரிந்தவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தோம். எதுவும் போகவில்லை. தீவு முழுக்கவே நெட்வொர்க் போய்விட்டது போல. "கேஸ் சிலிண்டரா இருக்குமோ?" என்று யாரோ கூட்டத்தில் சொல்ல, மாலதி அவர் காலை மிதித்தாள்.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

"அவுக மெஸ்ல சாப்பிட்டுக்கிடுதேன்னுதான் சொன்னாக தம்பி. நாந்தான் விடல. அடுப்புகிட்ட போகத் தெரியாத மனுசன அடுப்புகிட்ட நிக்க வச்சது நாந்தான்."

மறுநாள் காலையில் ஹட் பேக்குக் கப்பல் இருந்தது. ஆபீஸ் வேலையாக அதில் போக என்னிடம் டிக்கெட்டும் இருந்தது. "என் டிக்கெட்டில் நீங்க போங்க அக்கா" என்று நீட்டினேன். அந்த நிலைமையிலும் ஒரு முறை முறைத்தார்.

"உங்க பேர்ல நான் ஏறுறதா? அது குத்தம் தம்பி."

கப்பல் நிரம்பிவிட்டது. யாராவது வராமல் போனால் அந்த இடத்தைக் கொடுப்பார்கள், அதற்கு ஒரு வரிசை. உள்ளே இருந்த சக ஊழியர்கள் கதவைத் திறந்து கூப்பிட்டும் அக்கா போகவில்லை. கையில் ஒரு வயர்கூடையோடு அந்த வரிசையின் கடைசியில் போய் நின்றார். வரிசை பூராவும் திரும்பிப் பார்த்தது. எல்லாம் அவரிடம் திட்டு வாங்கிய முகங்கள். விஷயம் காதுக்குக் காது போயிற்று.

ஒரே ஒரு இடம் காலி என்றார்கள். வரிசையில் முதல் ஆள் ஹட் பேயில் காய்கறி விற்கிற பெங்காலிக்காரர். போன வாரம்தான் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அவர் மெதுவாகத் திரும்பி, அக்காவைப் பார்த்து, சத்தமாகச் சொன்னார்.

"தீதீ! ஷிப் ஆப் கே பாப் கா நஹீ ஹை!"

கப்பல் உங்கப்பன் வீட்டுச் சொத்தில்லையாம். அந்த ஆள் ஒதுங்கி நின்று வழிவிட்டு, "லேகின் ஆஜ் ஆப் கா ஹை. ஜாயியே" என்றார். ஆனால் இன்றைக்கு இது உங்கள் கப்பல், போங்கள்.

வரிசை மொத்தமும் "ஜாயியே தீதீ, ஜாயியே" என்றது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே "லைன் தோடாதீங்க, வரிசையக் கலைக்காதீங்க" என்று அதட்டியபடி முன்னால் போனார்.

கப்பலில் அக்கா உட்காரவே இல்லை. கம்பியைப் பிடித்தபடி தெற்கே பார்த்து நின்றார். கூடையில் தீக்காயத்துக்கு மருந்து, பஞ்சு, மாமாவின் பழைய வேட்டி. நடுக்கடலில் எனக்குக் குடல் வெளியே வருகிறாற்போல வாந்தி. ஆறுதல் சொல்லப் போனவன் நான், முதுகைத் தடவிவிட்டவர் அவர்.

"தம்பி, அவுகளுக்கு ஏதும் ஆயிருந்தா நான் யாரப் பாத்துக் கத்துவேன்?" என்று கேட்டார்.

ஹட் பேயில் இறங்கியதும் ஆட்டோ பிடித்தோம். மாமாவின் குவார்ட்டர்ஸ் வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது. இறங்கி ஓடினார். நானும் ஓடினேன்.

உள்ளே, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கம்பவுண்டர் மாமா நின்றிருந்தார். அவர் உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஒரு அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது, இன்னொன்றில் தேங்காய்ப்பால் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மாமா ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்தபடியே வெங்காயத்தைப் பூப்போல அரிந்து தள்ளிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றவர்களைப் போலவே கிண்ணத்தோடு குழம்புக்குக் காத்திருந்த பக்கத்து வீட்டுப் பெண் அக்காவைப் பார்த்து முகம் மலர்ந்து, "பாபி? ஆப் கே பதி ஜைசா குக் பூரே ஹட் பே மே நஹீ!" என்றாள். அண்ணியா? இவரைப் போலச் சமைக்கிறவர் ஹட் பேயிலேயே கிடையாதாம்.

கூடை அக்காவின் கையிலிருந்து நழுவியது. மாமா திரும்பினார். பேயைக் கண்டவர் மாதிரி கத்தியோடு அப்படியே நின்றார்.

மூலையில் காலில் கட்டுப் போட்ட ஆடு ஒன்று கட்டிக் கிடந்தது. மாமா வைத்தியம் பார்க்கிற ஆடு. முந்தின நாள் கறிவேப்பிலைக்கு ஆசைப்பட்டு அடுப்பு மேடையில் பாய்ந்து, போனை ரசத்துக்குள் தள்ளியது அதுதான். நெட்வொர்க் போனது தனிக்கதை. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அக்காவின் கேள்வி வேறாக இருந்தது.

"ஏங்க... உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பம்லேர்ந்து?"

"கல்யாணத்துக்கு முந்தியே."

"இத்தன வருசத்துல வீட்ல ஒரு காபி போட்டதில்லையே!"

"நீ அடுப்படிக்குள்ள விட்டாத்தான?"

"அப்பம் அடுப்பத் திருகத் தெரியல, எந்தப் பக்கம் எந்தப் பக்கம்னு வாராவாரம் என் தொண்டையப் புண்ணாக்குனது?"

மாமா கத்தியைக் கீழே வைத்தார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தெரியும்னு சொன்னா நீ போன வச்சிருவ. இங்க சாயங்காலமானா ரொம்ப அமைதியா கெடக்கு. நீ கத்திக்கிட்டே இருந்தா வீட்ல இருக்க மாதிரி இருக்கும்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அக்காவும் கேட்டிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். அழுகைக்கு நடுவிலேயே, "இந்த மனுசன நம்பியா ஆடு மாடெல்லாம் ஊசி போட்டுக்கிடுது!" என்று வைதார். நான் நைசாக வாசல் பக்கம் நகர்ந்தேன்.

"தம்பி, எங்க போறீக? உக்காருங்க. என்னத்த ஆக்கி வச்சிருக்காருன்னு பாப்போம்."

மாமா பரிமாறினார். அக்கா ஒரு வாய் எடுத்து வைத்து, வெகுநேரம் மென்றார். மாமா, பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி கரண்டியோடு நின்றார்.

"உப்பு கம்மி" என்றார் அக்கா. தட்டை மறுபடி நீட்டினார்.

எனக்கு உப்பு சரியாகத்தான் இருந்தது.

இருவரும் போன வருஷம் ஓய்வு பெற்று, மெயின்லேண்டில் மகள் வீட்டோடு போய்விட்டார்கள். அக்காவின் ஜன்னலில் இப்போது சிரித்த முகமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். என்ன கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்கிறாள். நல்ல பெண்தான். என்ன காரணமோ தெரியவில்லை, திட்டு வாங்காமல் ஏறுகிற கப்பல் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஆடுகிறது.