தச்சர் காய்ச்சிய காளான் கஷாயம்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டுமானால் முதலில் சோறு வடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நம் தச்சர் வெந்நீர் வைத்தாலே அடிப்பிடிக்கும். அப்பேர்ப்பட்ட மனுஷர்தான் பெண்டாட்டியிடம் ஒரு பெரிய விஷயத்தை மறைக்கக் கிளம்பினார்.

"இனிமே மருந்து வேலை செய்யாது, வீட்டுலயே வெச்சுப் பாத்துக்கோங்க" என்று டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். வெளியே பெஞ்சில் காத்திருந்தவளிடம், "சாதாரண வயித்துப் புண்ணுதானாம்" என்றார். அவளும் "அப்படியா" என்றாள். பொய் பலித்துவிட்டதென்று இவருக்கு நிம்மதி. பாவம்!

மறுநாளே மூலிகைக் கடையில் ஒரு மருந்துக் காளான் வாங்கி வந்தார். டாக்டர் கைவிட்டாலும் இது கைவிடாது என்று நம்பிக்கை. வார்னிஷ் அடித்த மாதிரி பளபளப்பு. கத்தி இறங்கவில்லை. மரத்தில் முளைத்தது மரமாகவே போயிருந்தது. பட்டறை இழைப்புளியை எடுத்துவந்து சீவினார். "எட்டு தம்ளர் தண்ணி, சின்னத் தீ, ரெண்டு மணி நேரம், ஒரு தம்ளரா சுண்டணும்" என்று கடைக்காரர் சொன்னதை முணுமுணுத்தபடி அடுப்பு முன்னால் நின்றார்.

"என்னங்க இது, வேப்பங்காய் தோத்துது!"

"நல்லா பசி எடுக்கும். குடி."

"வெறும் வயித்துல குடிச்சா புண்ணுக்கு ஆகாதே. கொஞ்சம் கஞ்சி வெச்சுக் குடுங்க."

பொய்யைப் பெற்றதும் அவர்தான், வளர்க்க வேண்டியவரும் அவர்தான். கஞ்சி வைத்தார். அடுத்த வாரம் கஞ்சி அலுத்துவிட்டது, குழையச் சோறு வேண்டும் என்றாள். அப்புறம் பருப்பு. அப்புறம் காய். நாற்காலியில் சாய்ந்தபடியே அதிகாரம் தூள் பறந்தது.

"தீயைக் குறைங்க! சமைக்கிறீங்களா, வீட்டைக் கொளுத்துறீங்களா?"

"நீ கஷாயம் குடிப்பியா, மாட்டியா?"

"காய் வேகட்டும், குடிக்கிறேன்."

காய் வெந்ததும் மடமடவென்று குடித்துவிடுவாள். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குத் தெம்பு. அவள் வளையல் முழங்கைவரை ஏறுவதை மட்டும் பார்க்காத மாதிரி இருந்தார்.

மூன்றாம் மாதம் ஒரு மத்தியானம் ஒரு வாய் சாப்பிட்டாள். "உப்பு, காரம் எல்லாம் சரியா இருக்கு" என்றாள். கஷாயத் தம்ளரைத் தள்ளி வைத்தாள். "இது இனிமே வேண்டாங்க."

"குடிச்சாத்தானே பசி..."

"போதுங்க. டாக்டர் ரூம்லேருந்து முகத்தைக் கழுவிட்டு வந்தீங்களே, அப்பவே எனக்குத் தெரியும்."

தச்சர் தம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்தார். "தெரிஞ்சுமா இந்தக் கசப்பைக் குடிச்சே?"

"வேற எப்படி உங்களை அடுப்பங்கரைக்குள்ள கொண்டுவர்றது? முப்பது வருஷமா கூப்பிட்டேன், வந்தீங்களா?"

அவர் வாய்விட்டு அழுதார். அவள் தடுக்கவில்லை. அழுது ஓய்ந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"இத்தனை நாளும் ரெண்டு பேருக்கு வடிச்சீங்க. நாளைக்கு, ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடணும்னு சொல்லித் தரேன்."