எதையும் முழுசாகச் சொல்லாத இஷ் சார்

திருவனந்தபுரத்தில் எதையும் முழுசாகச் சொல்லாத ஒரே மனுஷன் எங்கள் இஷ் சார்தான். எங்கள் வலியசாலைத் தெருவில் முழங்கால் அளவு மழைத்தண்ணீரில் நின்றுகொண்டு "ரெய்னிஷ்" என்றவர். இங்கிலீஷ் சொல்லுக்கு வாலில் இஷ் வைத்தால் 'கொஞ்சம் அப்படி' என்று அர்த்தமாம். நான் ரெண்டாம் கிளாஸ் வரைதான் படித்தவள். அவர் சொல்லித்தான் தெரியும்.

ஆபீஸ் வேலையிலிருந்து ரிட்டயர் ஆகி, பத்து வருஷம் என் மெஸ்ஸில் சாப்பிட்டார். என் சாம்பாருக்காகச் சாலைக் கடைத்தெருவிலிருந்து ஆள் வரும். இவர் ஒரு வாய் வைத்துவிட்டு "சால்ட்டிஷ்" என்பார்.

"உப்பு கூடுதலா சாரே, குறைவா?"

"கூடுதலிஷ்."

பிரியம் வைத்தவர்களின் பேருக்கு மட்டும் வாலில் ஒரு 'ஈ' ஒட்டுவார். என் மகள் மீனாட்சி, மீனி. தெருநாய்கூட டாகி. கோமதியாகிய நான் மட்டும் "மெஸ் அம்மா". எனக்கென்ன, போகட்டும் என்று இருந்தேன்.

மீனாட்சிக்கு மூன்று இடம் தட்டிப்போய், நாகர்கோவிலிலிருந்து நாலாவது இடம் வந்தது. நிச்சயத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் தெருவில் வந்து பெண்ணைப் பற்றி விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்தேன். இவரிடமும் சொன்னேன்.

"சாரே, நாளைக்கு ஒரு நாள் அந்த இஷ் வேண்டாம், கேட்டோ."

"பார்க்கலாம்" என்றார்.

மறுநாள் மாப்பிள்ளையின் அப்பா வந்தார். தெருவே "தங்கம்" என்றது. ஒருத்தி, மீனாட்சி பிறந்ததிலிருந்தே சத்தம் போட்டதில்லை என்றாள். கடைசியில் மெஸ்ஸுக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த இஷ் சாரைப் பிடித்தார். நான் கரண்டியோடு கதவுக்குப் பின்னால்.

"பொண்ணு எப்படி ஓய்?"

"உயரம் டாலிஷ். நிறம் ஃபேரிஷ்."

"குணம்?"

"நல்ல குணம். கோபம் வந்தா ஹாட்டிஷ்."

கரண்டி கையிலிருந்து விழுந்தது.

"சமையல்?"

நிதானமாக இன்னொரு வாய் சாப்பிட்டார். "அம்மா அளவுக்கு வராது. அம்மா சமையல் நல்லது."

இஷ் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா என்னைக் கூப்பிட்டார். "தெரு முழுக்கப் பாடம் ஒப்பிச்ச மாதிரி தங்கம் தங்கம்ங்கான். இவரு ஒருத்தருதான் பொண்ணைப் பார்த்துச் சொல்லுதாரு. தேதியைக் குறிச்சிருவோம்."

கல்யாணத்தில் என் கையால் சாம்பார் ஊற்றி, "எப்படி சாரே?" என்றேன்.

"சால்ட்டிஷ், கோமி."

அவர் போய்ச் சேர்ந்தாச்சு. இன்றைக்கும் சாம்பாரை இறக்கும்போது ஒரு கல் உப்பு கூடப் போடுகிறேன். யாராவது சொல்லட்டுமே.