பச்சைப் பொட்டலமும் வெள்ளைப் பாகற்காயும்

ஜின்தேவின் கையில் பாகற்காய் டப்பா இருந்தது. கண் மட்டும் கேக்குக்கு உறை போடும் மெஷின் தலையில் உட்கார்ந்திருந்த பச்சைப் பொட்டலத்தைவிட்டு நகரவில்லை.

காலையில் வயிறு முட்டக் கஞ்சி குடித்துவிட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தான். ஆனாலும் வாய் நமநமவென்றது. இது பசியா, வெறும் ஆசையா என்று கண்டுபிடிக்கத்தான் மனைவி யாஃபாங் தினமும் அந்த டப்பாவைக் கொடுத்தனுப்புகிறாள். உள்ளே உப்புகூடப் போடாமல் வேகவைத்த வெள்ளைப் பாகற்காய். டாக்டர் அவன் ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது என்று சொன்ன நாளிலிருந்து இந்தக் கூத்து நடக்கிறது.

"வாய் கேட்டா முதல்ல டப்பாவைத் தொற" என்பது அவள் சட்டம். "இதைத் தின்னலாம்னு தோணுச்சுன்னா அது பசி, தாராளமா தின்னு. இது வேணாம், அதுதான் வேணும்னு அடம் பிடிச்சா அது ஆசை. தண்ணியக் குடிச்சிட்டு வேலையப் பாரு."

ஜின்தே டப்பாவைத் திறந்தான். பாகற்காயைப் பார்த்தான். மூடிவிட்டான்.

அவனைச் சுற்றி அன்னாசிக் கேக்குகள் மலையாகக் குவிந்திருந்தன. நிலாப் பண்டிகைக்கான சரக்கு. சாயங்காலத்துக்குள் உறை போட்டு லாரியில் ஏற்றினால்தான் கப்பலைப் பிடிக்கும். உடைந்த கேக்கை யார் வேண்டுமானாலும் எடுத்துச் சாப்பிடலாம், கேட்க ஆளில்லை. பசிக்கிறவன் என்றால் நாலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருப்பான். ஜின்தேவுக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. அந்த பாக்டரியில் யாரும் தொடக்கூடாத ஒரே பண்டம்தான் வேண்டியிருந்தது.

தைவானில் மெஷின் இருக்கிற இடத்தில் அந்தப் பொட்டலமும் இருக்கும். தேங்காய்ப்பால் மணக்கும் மொறுமொறு தீனி. உறைமேல் இருக்கும் பெயருக்கு, சமர்த்தாய் இரு என்று அர்த்தம். பச்சை உறை வைத்தால் மெஷின் சமர்த்தாக ஓடும். மஞ்சள் உறை வைத்தால் முரண்டு பிடிக்கும். வைத்ததை எவனாவது எடுத்துத் தின்றுவிட்டால் படுத்தேவிடும். இதில் படித்தவன் படிக்காதவன் பேதமெல்லாம் கிடையாது, பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளில்கூட வைத்திருக்கிறார்கள்.

இந்த விஷயத்தில் யென் முதலாளியின் பக்தி தனி ரகம். மற்ற இடங்களில் காலாவதித் தேதி முடிகிறவரை ஒரே பொட்டலம் இருக்கும். இவர் வாரம் தவறாமல் புதுசு வைப்பார். அதுவும் தன் கையால்தான். தினமும் காலையில் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, திரையை இழுத்து மூடி, தனியாக மெஷினுக்குப் பூஜை செய்வார். முடித்துவிட்டுக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி வருவார். மனம் உருகி அழுதிருப்பார் என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள்.

"எவன் அந்தப் பொட்டலத்து மேல கை வெக்கிறானோ, அவன் அன்னிக்கே வீட்டுக்குப் போயிரலாம். குடும்பத்தோட" என்று அவர் சொல்லி வைத்திருந்தார். குடும்பத்தோடு என்பது ஜின்தேவைத்தான் சுடும். யாஃபாங்குக்கும் அங்கேதான் வேலை, பெட்டி மடிக்கும் பிரிவில்.

இவ்வளவும் ஜின்தேவுக்குத் தெரியும். தெரிந்துதான் கை மேலே போனது.

ஒன்றே ஒன்று என்று பிரித்தான். அந்த ஒன்று அடுத்ததைக் கூப்பிட்டது. கேக் உடைந்ததைப் பொறுக்க வந்தவர்கள் அந்தப் பக்கம் போவதற்குள் பொட்டலம் காலி. கடைசித் துகளை விரலில் ஒற்றி நாக்கில் வைத்தபோதுதான் அவனுக்குப் புத்தி வந்தது.

கிழிந்த கேக் உறைகளைக் கசக்கிப் பொட்டலத்துக்குள் திணித்து, டேப் ஒட்டி, பழைய இடத்தில் வைத்தான். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது என்று பெருமூச்சு விட்டான்.

மெஷின் நின்றுவிட்டது.

பட்டனை அமுக்கினான். ஓடவில்லை. மறுபடி அமுக்கினான். "பீப், பீப்" என்று கத்தியது. ஜின்தேவுக்கு நெற்றியில் வியர்வை அரும்பியது. உள்ளே இருப்பது பேப்பர் என்று மெஷினுக்குத் தெரிந்துவிட்டது. வேறு என்ன?

சாப்பாட்டு அறையில் காசு போட்டால் தீனி தள்ளும் பெட்டி இருந்தது. ஓடினான். பச்சை இல்லை. அந்தப் பெட்டியில் பச்சை என்றைக்குமே தீர்ந்துதான் கிடக்கும். மஞ்சள்தான் இருந்தது, மசாலா போட்டது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று வாங்கி, மஞ்சளில் இருந்ததைப் பச்சை உறைக்குள் கொட்டி ஒட்டினான். மெஷினைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் பட்டனை அமுக்கினான்.

இந்தத் தடவை பீப் சத்தம் நீளமாக வந்தது. மேலே சிவப்பு விளக்கு வேறு சுற்ற ஆரம்பித்தது. அதைப் பார்த்து ஹாலே கூடிவிட்டது. முதலாளியும் செருப்புச் சத்தத்தோடு வந்துசேர்ந்தார்.

"என்ன ஆச்சு?"

"தெரியல முதலாளி. திடீர்னு நின்னுபோச்சு."

முதலாளி மெஷினைப் பார்க்கவே இல்லை. நேராகப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார், குலுக்கினார், மோந்து பார்த்தார். முகம் கறுத்தது.

"இது மசாலா வாடை! தேங்காய் வாசனை எங்க? எவன்டா என் பொட்டலத்தைத் தின்னது?"

முன்பல் இருந்த இடத்தில் ஓட்டை இருந்ததால் அவர் கோபத்தில் பாதி காற்றாகவே போனது. புத்தாண்டன்று மாமியார் வீட்டில் அரிசிப் பலகாரம் கடித்தபோது தங்கப்பல் அதோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டதாம். அவர்கள் குப்பைக்கூடைவரை கிளறியும் கிடைக்கவில்லை. அவர்களே அமுக்கிக்கொண்டார்கள் என்று சொல்லி, அந்த வீட்டோடு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் லாரி ஞாபகம்.

"மெக்கானிக் ஹோங்குக்கு போன் போடு. அவன் வர்ற வரைக்கும் ஒருத்தரும் இந்த ஹாலை விட்டு நகரக்கூடாது. சோறு கிடையாது, ஒண்ணும் கிடையாது. உடைஞ்ச கேக்கைத் தொட்டாலும் கைய ஒடிப்பேன். தின்னவன் வயிறு நிறைஞ்சிருக்கும், மத்தவங்க வயிறு காயட்டும். நானும் உங்களோட பட்டினிதான்!"

பெட்டி மடிப்பவர்களையும் கூப்பிட்டு நிறுத்தினார்கள். யாஃபாங் வந்து புருஷன் பக்கத்தில் நின்றாள். அவன் சட்டைக் காலரில் வெள்ளையாய் ஒரு துகள். அவள் பார்த்தாள். முடியைச் சரிசெய்வதுபோல் கையைக் கொண்டுபோய் அதைத் தட்டிவிட்டாள்.

"எவ்வளவு?" என்றாள், உதடு அசையாமல்.

"முழுசும்."

"டப்பாவைத் தொறந்து பார்த்தியா?"

"பார்த்தேன்."

"பார்த்துமா!"

அவள் டப்பாவை எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று ஜின்தேவுக்கு இருந்தது. இவள் வேலையும் அல்லவா போகப்போகிறது. மகனுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை.

மதியம் தாண்டியது. ஹோங் ஒருவழியாக வந்து, மெஷின் மூடியைக் கழற்றித் தலையை உள்ளே விட்டான். நிமிஷத்துக்கு ஒரு தரம் "ச்சு, ச்சு" என்று சத்தம் மட்டும் வந்தது. இங்கே ஒவ்வொருவர் வயிறாகக் கடமுடவென்றது.

"சரி, சொல்ல மாட்டீங்க" என்றார் முதலாளி. "அப்போ மொத்தப் பேரும் வீட்டுக்குப் போங்க."

யாஃபாங் முன்னால் வந்தாள். கையில் அந்த டப்பா.

"முதலாளி, ஒரு வழி இருக்கு. இது வெறும் பாகற்காய், உப்புகூட இல்ல. பசிக்கிறவன் இதைத் தின்னுருவான். வயிறு நிறைஞ்சு, நாக்கு மட்டும் அலையுறவனால முழுங்கவே முடியாது. ஆளுக்கு ஒரு துண்டு குடுத்துப் பார்ப்போம்."

முதலாளி முகம் மலர்ந்தது. "இதான் புத்தி! என்னைப் பாருங்க. டாக்டர் சொன்னார், கஞ்சியும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும்தான். எனக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு. குடும்மா எல்லாருக்கும்!"

ஜின்தேவுக்குக் காலடியில் தரை நழுவியது. கட்டின மனைவியே காட்டிக்கொடுக்கிறாள்! பாகற்காய் அவனுக்கு ஜென்மப் பகை என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

டப்பா ஒவ்வொருவராகக் கடந்து வந்தது. கேக் அடுக்கும் பெண் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். லாரி டிரைவர் மென்றுகொண்டே, "இன்னொண்ணு கெடைக்குமா?" என்றான். எல்லாரும் தின்றார்கள். ஜின்தே முன் வந்து நின்றாள் யாஃபாங்.

"காலையில தின்னது எப்பவோ கரைஞ்சிருக்கும்" என்று முணுமுணுத்தாள். "எடு."

எடுத்தான். வாயில் போட்டான். கசப்பு வரட்டும் என்று காத்திருந்தான். வந்தது, ஆனால் அவன் பயந்த அளவுக்கு இல்லை. பின்னாலேயே மெல்லிய தித்திப்பு ஒன்று எட்டிப் பார்த்தது. வயிறு இன்னும் கொண்டா என்றது. பசி ருசி அறியாது என்பார்கள். பசி என்றால் இதுதானா? இத்தனை வயசுக்கு அதை அவன் சந்தித்ததே இல்லை. கேட்காமலே இரண்டாவது துண்டை எடுத்தான். யாஃபாங்குக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமா, சந்தோஷமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"எல்லாரும் தின்னுட்டாங்களே!" என்றார் முதலாளி, ஏமாற்றமாக.

"ஒரு துண்டு மிச்சம் இருக்கு. நீங்களும் பட்டினிதானே முதலாளி" என்று யாஃபாங் டப்பாவை நீட்டினாள்.

முதலாளி அதைப் பார்த்தார். முகத்தை லேசாகத் திருப்பிக்கொண்டார். "எனக்கு எதுக்கும்மா? எனக்குப் பசியே இல்ல. அதை விடு." உடனே குரலை உயர்த்தினார். "இந்தச் சோதனை செல்லாது! எல்லாருக்கும் இன்னியோட கணக்கு முடிஞ்சுது. கிளம்புங்க!"

கேக் அடுக்கும் பெண் அழ ஆரம்பித்தாள். ஜின்தேவால் அதைத் தாங்க முடியவில்லை. தன் ஒரு நாக்குக்காக ஒரு ஹாலே தெருவில் நிற்பதா? யாஃபாங் கையைப் பிடித்து இழுத்தும் நிற்காமல் முன்னால் போனான்.

"முதலாளி, அது வந்து... அந்தப் பொட்டலம்..."

"நீ பேசாத! யாரும் பேச வேண்டாம்! தின்ன வாய் எதுன்னு அந்த மெஷினுக்குத் தெரியும். அதுவே சொல்லட்டும்!"

மெஷின் உள்ளேயிருந்து ஹோங் தலையை வெளியே எடுத்தான். மூக்கு நுனிவரை வெள்ளைத் துகள் அப்பியிருந்தது.

"சரியாயிருச்சு முதலாளி. கேக் வருதான்னு பார்க்கிற எலக்ட்ரிக் கண்ணை அடைச்சிருச்சு, அவ்வளவுதான். அப்பப்பா, தேங்காய்த் துகள், அடுக்கடுக்கா! இன்னிக்கு நேத்து விழுந்ததில்ல, வருஷக்கணக்கா யாரோ இங்கயே நின்னு தின்னிருக்காங்க." பட்டனைத் தட்டினான். பச்சை விளக்கு எரிந்தது. மெஷின் சமர்த்தாக ஓடத் தொடங்கியது. ஹோங் உள்ளங்கையில் எதையோ ஊதித் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"இதுவும் அதுக்குள்ளதான் கெடந்துச்சு. இந்தத் தங்கப்பல்லு யாரோடதுங்க?"