என்ரை சீனிக்கு எத்தினை காவல்

என்ரை இரத்தத்திலை எவ்வளவு சீனி இருக்கெண்டு இனி எனக்கு மட்டும்தான் தெரியவேணும். போன மாசம் அப்பிடித்தான் முடிவெடுத்தன்.

கோபம் வராமல் என்ன செய்யும்? காலமை யாழ்ப்பாணத்திலை கிளினிக்கிலை சோதனைக்கு இரத்தம் குடுத்திட்டு மானிப்பாய்க்கு பஸ் ஏறி வந்தன். பின்னேரமே ரொறன்ரோவிலை இருந்து மகள் மிரியம் போன் எடுக்கிறாள்.

"அப்பா, இருநூற்றி நாப்பது. என்ன சாப்பிட்டனீங்கள்?"

கிளினிக் ரிப்போட்டை இன்ரநெற்றிலை போடுதாம். மனுசி பொன்மலரும் மகளும் அதைத் திறந்து பாக்கலாமாம். ஆர் விட்டது? நான்தானாம், வாசிக்காமல் கையெழுத்து வைச்சு. முப்பது வருசம் கணக்குப் படிப்பிச்சவன் நான். இப்ப என்ரை மாக்ஸை வீடே திருத்துது.

அடுத்தநாள் கிளினிக்குக்குப் போய், கொம்பியூட்டருக்கு முன்னாலை இருந்த வித்தியா எண்ட பிள்ளையிட்டைச் சொன்னன்.

"என்ரை ரிப்போட்டைப் பாக்கிற ஆக்களிலை மனுசி, மகள் ரெண்டு பேரையும் எடுத்துவிடும்."

"அம்மாவையுமோ, ஐயா?"

"முதல் அவவை."

வீட்டை வந்து, சண்டைக்கு ஆயத்தமாய் நிண்டு விசயத்தைச் சொன்னன். பொன்மலர் முருங்கைக்காய் சீவிக்கொண்டிருந்தா.

"அது உங்கடை உரிமையப்பா," எண்டா. அவ்வளவுதான். அந்த அமைதியிலை எனக்குக் கோபம் இன்னும் கூடினது.

அடுத்த ரிப்போட்டை நானே திறந்தன். சீனி குறைஞ்சிருந்தது. கீழை, கிட்னிச் சோதனைக்குப் பக்கத்திலை ஒரு சிவப்பு அடையாளம். ரெண்டு நாள் சோறு இறங்கேல்லை. மனுசியோ நேர்ஸாய் இருந்து பென்சன் எடுத்தவ. கடைசியிலை போனை நீட்டினன்.

"இஞ்சரும், இதை ஒருக்காப் பாரும்."

"எனக்கு அனுமதி இல்லையே."

"நான்தானே காட்டுறன்."

"ஒரு ரிப்போட்டை வைச்சு என்ன சொல்லுறது? பழசுகளையும் பாத்தால்தான் கூடுதோ குறையுதோ எண்டு தெரியும்." மரக்கறி வெட்டின கத்தியைக் கீழை வைச்சா. "எட்டு வருசமாய் உங்கடை மருந்துக் குளுசையும் கால் புண்ணும் பாத்தது நான். என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டோ என்ரை பேரை வெட்டினனீங்கள்?"

திரும்பவும் கிளினிக்குக்கு பஸ் ஏறினன்.

வித்தியா மேசை லாச்சியைத் திறந்து, நிரப்பின அனுமதிப் படிவம் ஒண்டை எடுத்து முன்னாலை வைச்சாள்.

"நீங்கள் வந்திட்டுப் போன அடுத்தநாளே அம்மா வந்து நிரப்பித் தந்திட்டா, ஐயா. ஒரு மாசத்துக்குள்ளை வருவியள் எண்டவ."

"இருபத்தாறு நாள்தான் ஆச்சு," எண்டன் எரிச்சலோடை.

கையெழுத்துப் போட்டன், பொன்மலர் பென்சிலாலை புள்ளடி போட்டு வைச்ச இடத்திலை.