பதினேழாம் எண் கல்லறையில் நான் அழுத கதை

சாவு வீட்டில் “அதை என்கிட்ட விட்டுடுங்க” என்று சொல்கிற ஆளை மட்டும் நம்பிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்தான்.

அம்மா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் காபி குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்த கையோடு போய்ச் சேர்ந்தார். எண்பத்தோரு வயது. படுக்கையில் விழவில்லை, ஆஸ்பத்திரிக்கு அலையவில்லை. நல்ல சாவு என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். (நல்ல சாவு என்பதால் பிள்ளைக்கு அழுகை குறைந்துவிடுவதில்லை.) தன் அடக்கத்துக்கு அம்மா இரண்டு வருஷமாகவே திட்டம் போட்டு வைத்திருந்தார். எந்தப் புடவை, எந்த ஜெபமாலை, பூசையில் எந்தெந்தப் பாட்டு என்பதையெல்லாம் லூர்து அக்காவிடம் சொல்லியிருந்தார். “இழுத்து இழுத்துப் பாடுனா எழுந்து ஒக்காந்துடுவேன்” என்று மிரட்டலும் உண்டு. என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“சூசை, என்னய உங்கப்பாகூட வெச்சிடு. புதுக் குழியெல்லாம் வேணாம். நாப்பத்தாறு வருஷம் சண்ட போட்டோம், பாதியில வுட்டுட்டுப் போயிட்டாரு. மிச்சத்த அங்க போயி பாத்துக்கறேன்.”

“அத என்கிட்ட விடும்மா” என்றேன்.

அப்பா படுத்திருப்பது உப்பளம் கல்லறைத் தோட்டத்தில், தாத்தாவின் கல்லறைக்குள். எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்களிடம் அது வழக்கம். சில வருஷங்கள் கழிந்தால், மேலே மூடிய கல்லை எடுத்து, உள்ளே இருப்பவரின் எலும்புகளை மரியாதையாக ஓரத்தில் ஒதுக்கி, அடுத்து வருகிறவருக்கு இடம் கொடுப்பார்கள். அப்பாவை வைத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஆகவே அம்மாவுக்கு இடம் தயார். அதைத் திறக்கச் சொல்லிக் கைகாட்ட வேண்டியது மட்டும்தான் என் வேலை.

செவ்வாய் மதியம் காரைக்காலிலிருந்து பஸ்ஸில் அக்கா வந்து சேர்ந்தார். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அம்மா. ஓரமாக உட்கார்ந்து நானும் அக்காவும் என் மனைவி செலினும் வேலைகளைப் பிரித்துக்கொண்டோம். பாட்டும் புடவையும் அக்கா பொறுப்பு. வந்துபோகிறவர்களுக்குக் காபி, டிபன் செலின் பொறுப்பு. சாமியார், வண்டி, கல்லறை மூன்றும் என் பொறுப்பு. மறுநாள் நாலு மணிக்குப் பூசை. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, கீழே கோடு போட்டேன். இந்த மாதிரி நேரத்தில்தான் எனக்குள் ஒரு கலெக்டர் புகுந்துகொள்வார்.

“கல்லறை எதுன்னு சரியாத் தெரியுமாடா?” என்றார் அக்கா.

நான் அவரைப் பார்த்த பார்வையில் அவமானம், கோபம், தியாகம் எல்லாம் கலந்திருந்தது. தெரியுமாவா? வருஷம் தவறாமல் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று சாயங்காலம், வாளியும் சுண்ணாம்பும் ரோஜாவும் மெழுகுவத்தியுமாக, தண்ணீர் தூக்கச் செலினையும் கூட்டிக்கொண்டு போய் வருகிறவன் நான். அக்கா அன்றைக்கு மாமனார் குடும்பத்துக் கல்லறைகளுக்காகக் காரைக்காலிலேயே இருந்துவிடுவார். அம்மாவுக்கு முட்டி வலி. நான் போய், எல்லாம் செய்து, போனில் படம் எடுத்துவந்து அம்மாவிடம் காட்டுவேன். “ரோஜா நல்லா இருக்கு” என்பார்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அப்பாவை அடக்கம் பண்ணிய நேரத்தில் நான் மயக்கம் போட்டு விழுந்துவிட்டேன். என்னை வேப்பமரத்தடியில் கிடத்தி யாரோ சோடா கொடுத்தார்கள். கண் விழித்தபோது மூடிச் சிமெண்டு பூசி முடித்திருந்தார்கள். மேலே நட்டிருந்த மரச் சிலுவையை அடுத்த மழைக்காலத்துப் புயல் கொண்டுபோயிற்று. முதல் கல்லறைத் திருநாளுக்கு நானும் செலினும் போனபோது அந்தப் பக்கத்தில் பழைய கல்லறைகள் எல்லாம் ஒரே மாதிரி நின்றன. யாரையாவது கேட்டிருக்கலாம். அப்பாவைத் தொலைத்துவிட்டேன் என்று எப்படிக் கேட்பது? தாத்தா பிரெஞ்சு சர்க்காரில் வேலை பார்த்தவர், அவர் கல்லறையில் பிரெஞ்சில் எழுதியிருக்கும் என்று அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. மரத்துக்குப் பக்கத்தில் பாசி பிடித்த ஒரு கல்லில் ICI REPOSE என்று இரண்டு வார்த்தைகள் தெரிந்தன. கீழே இருந்தது தேய்ந்துபோயிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

“இன்னா எழுதியிருக்கு?” என்றாள் செலின்.

“தாத்தா பேரு. பிரெஞ்சுக்காரங்க மரியாதையா வெச்ச பேரு” என்றேன். (என் பிரெஞ்சு, பொன்ழூர் என்ற வணக்கத்தில் ஆரம்பித்து மெர்சி என்ற நன்றியில் முடிந்துவிடும். கல்யாணத்தின்போது அவளிடம் சொல்லியிருந்தது வேறு.)

அன்றிலிருந்து அந்தக் கல்லறைக்கு நான் செய்யாத பணிவிடை இல்லை. வெள்ளையடித்தேன். கீழே மிச்சமிருந்த எழுத்தும் சுண்ணாம்பில் மறைந்தது. வீட்டுக் குளியலறைக்கு ஒட்டியது போக மிஞ்சிய நீல டைல்ஸைச் சுற்றிலும் பதித்தேன். கருங்கல்லில் அப்பாவின் பேரைச் செதுக்கி ஒரு சின்னக் கல் வைத்தேன். அதில்தான் ஒரு தொல்லை. ஒவ்வொரு வருஷமும் போய்ப் பார்த்தால் அந்தப் பேர்க்கல் பக்கத்துக் கல்லறையில் சாத்தி வைக்கப்பட்டிருக்கும். எவனோ விஷமம் பண்ணுகிறான் என்று திட்டிக்கொண்டே தூக்கிவந்து பழைய இடத்தில் வைப்பேன். அடுத்த வருஷம் மறுபடி அங்கே போயிருக்கும். ஏழு வருஷம் பொறுத்துப் பார்த்து, எட்டாவது வருஷம் சிமெண்டு குழைத்து ஒட்டிவிட்டேன். இனி எவன் நகர்த்துகிறான் பார்க்கலாம் என்று வாய்விட்டுச் சவால் வேறு விட்டேன்.

புதன்கிழமை காலை ஏழரைக்கு நானும் அக்காவும் உப்பளம் போனோம். குழி வெட்டுகிற மாசிலாமணி கடப்பாரையோடு தயாராக இருந்தார். வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நான் கம்பீரமாகக் கைகாட்டினேன். அவர் டைல்ஸைத் தட்டிப் பார்த்தார்.

“கெட்டியா ஒட்டியிருக்காங்க சார்.”

“நான்தான் ஒட்டுனேன்” என்றேன், அந்தத் துக்கத்திலும் ஒரு பெருமையோடு.

இரண்டு வரிசை டைல்ஸ் பெயர்ந்து விழுந்திருக்கும். அப்போது எங்கள் மாதா கோவில் உபதேசியார் கல்லறை ரிஜிஸ்டரை மொபட்டின் முன்னால் வைத்துக்கொண்டு வந்தார். இடத்தைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும். புத்தகத்தைப் பார்த்தார். கல்லறையைப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார்.

“சார், நிறுத்தச் சொல்லுங்க. ஒங்களுது பதினெட்டு. இது பதினேழு.”

“அதெல்லாம் இல்லீங்க. பன்னெண்டு வருஷமா நான்தான் பாத்துக்கறேன். பாருங்க, தாத்தா பேரே மேல இருக்கு.” சுண்ணாம்பைச் சுரண்டி அந்த இரண்டு பிரெஞ்சு வார்த்தைகளைக் காட்டினேன்.

“அது பேரு இல்ல சார். ‘இங்கே துயில்கிறார்’னு அர்த்தம். இந்த வரிசையில பாதிக் கல்லறைல அதான் எழுதியிருக்கும்.”

நிமிர்ந்து பார்த்தேன். அடுத்த கல்லறையில் ICI REPOSE. அதற்கடுத்ததிலும். வரிசையாக என் தாத்தாக்கள் படுத்திருந்தார்கள்.

உபதேசியார் அதோடு விடவில்லை. “பதினேழுக்கு ஒரு புகார் கூட எழுதியிருக்காங்களே” என்று பக்கத்தைப் புரட்டிச் சத்தமாகவே படித்தார். “மேற்படி கல்லறையில் நீலச் சட்டை அணிந்த ஒருவர், குடும்பத்தாரின் அனுமதியின்றி, வருடந்தோறும் டைல்ஸ் முதலானவை பதித்து, வேறொருவர் பெயரை நட்டு, நீண்ட நேரம் சத்தமாக அழுவதாக வாட்ச்மேன் கூறுகிறார். பதினெட்டாம் எண் குடும்பத்தாராக இருக்கலாம். விசாரிக்கவும்.” எழுதிய பழைய உபதேசியார் விசாரிப்பதற்குள் மாற்றலாகிப் போய்விட்டாராம்.

அக்கா என் சட்டையைப் பார்த்தார். அன்றைக்கும் நீலம்தான். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த ஒரு கல்லறை மேல் பொத்தென்று உட்கார்ந்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அழுதுகொண்டிருந்தார். “அம்மா இருந்திருந்தா இதக் கேட்டு எப்படி சிரிச்சிருக்கும்டா” என்றார். எனக்கோ பூமி பிளந்து அப்படியே உள்ளே போய்விட வேண்டும்போல் இருந்தது. (அங்கே போனால்கூட எந்த எண்ணுக்குள் விழுவேன் என்று தெரியாது.)

பதினெட்டாம் எண் முன்னால் போய் நின்றேன். இத்தனை வருஷம் நான் மிதித்துக்கொண்டும் வாளியை வைத்துக்கொண்டும் நின்ற கல்லறை அது. ரிஜிஸ்டரில் தாத்தா பேரும் அதன் கீழே அப்பா பேரும் தெளிவாக இருந்தன. கல் சுத்தமாகக் கழுவியிருந்தது. தலைமாட்டில் மெழுகு உருகி உருகித் திட்டாகப் படிந்திருந்தது. யார் ஏற்றியது என்று புரியவில்லை. அப்பாவுக்கு ஒரு மெழுகுவத்திகூட நான் ஏற்றியதில்லை என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. அம்மாவிடம் காட்டிய அத்தனை படங்களும் வேறு யாருடைய கல்லறையோ. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“சார், அழுவறது அப்புறம்” என்றார் மாசிலாமணி. “பன்னெண்டு வருஷமா மூடிக் கெடக்குற கல்லு. இப்ப ஆரம்பிச்சாத்தான் மதியத்துக்குள்ள தெறக்க முடியும்.”

அவர் ஆரம்பித்தார். உபதேசியார் பதினேழாம் எண் குடும்பத்துக்குப் போன் போட்டார். பக்கத்துத் தெருதான். கால் மணியில் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மாள் வந்து நின்றார். விக்தோரின் மதாம், ரிட்டையரான பிரெஞ்சு டீச்சர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும். உடைந்து கிடந்த டைல்ஸைக் குடை நுனியால் புரட்டினார்.

“எங்கப்பாவுக்கு வருஷா வருஷம் வெள்ளையடிச்சது நீங்கதானா?”

“ஆமாங்க மதாம்.”

“ரோஜா?”

“நான்தாங்க.”

“இந்த டைல்ஸு?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். “பாத்ரூமுக்கு வாங்குனதுல மிச்சங்க” என்றார் அக்கா. (கூடப் பிறந்தவர்கள் எதற்கு இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.)

“எங்கப்பா கோட்டு போடாம வாசல்படி எறங்க மாட்டாரு. அவரக் கொண்டுபோயி குளிக்கிற எடத்துல படுக்க வெச்சிட்டீங்களே முசியே!”

மன்னிப்புக் கேட்டேன். பேர்க்கல்லை நகர்த்தியது அவர்தானா என்றும் கேட்டேன். ஆமாம் என்றார். அவர் வருவது காலையில், நான் போவது சாயங்காலம். எங்கள் தாத்தா கல்லறையில் தேய்ந்துபோயிருந்த எழுத்தைத் தடவித் தடவிப் படித்து, குடும்பப் பேர் ஒன்றாக இருக்கவும் கல்லைச் சரியான இடத்தில் வைத்திருக்கிறார். ஏழு வருஷம் நான் சண்டை போட்டது இந்த அம்மாளோடு.

“அப்ப இங்க மெழுகுவத்தி?”

“நான்தான் ஏத்துனேன். எங்கப்பாவுக்கு யாரோ ஒருத்தர் இவ்ளோ செய்யறாங்க, பக்கத்துல இவருக்கு ஒன்னுமே கெடைக்கலயேன்னு பாவமா இருந்துது.”

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. அந்தம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அவர் குடையை என் தலைக்கு மேல் பிடித்தார். “அம்மாவுக்கா தெறக்கறீங்க? பூச எத்தன மணிக்கு?” என்று மட்டும் கேட்டார்.

நாலு மணிப் பூசைக்கு விக்தோரின் மதாம் வெள்ளைப் புடவையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாட்டுகள் அம்மா சொன்னபடியே இழுக்காமல் நடந்தன. கல்லறையில் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்து முடித்ததும், பெட்டியை இறக்கப் போகிற நேரத்தில் அக்கா என் காதோரம், “நம்பர் பாத்தியா?” என்றார். பார்த்தேன். பதினெட்டு. அம்மா அப்பாவிடம் போய்ச் சேர்ந்தார். நாற்பத்தாறு வருஷச் சண்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் செலின் கேட்ட ஒரே கேள்வி, “அப்ப நான் பன்னெண்டு வருஷமா யாருக்குத் தண்ணி தூக்குனேன்?” என்பதுதான். பதினேழில் மிச்சமிருந்த டைல்ஸையும் அப்பாவின் பேர்க்கல்லையும் நானே பெயர்த்து, பழையபடி பூசிக் கொடுத்தேன். எழுத்துகளுக்குக் கறுப்பு மை தீட்டும்போது விக்தோரின் மதாம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்தார். இப்போது கல்லறைத் திருநாளில் இரண்டு கல்லறைக்கும் வெள்ளையடிப்பது நான்தான். வீட்டில் என்னைத் தனியாக அனுப்ப மாட்டார்கள். கல்யாண மண்டபம், ரயில் பெட்டி, பல் டாக்டர் வீடு, எங்கே நான் முதலில் நுழைந்தாலும் பின்னாலிருந்து “நம்பர் பாத்தீங்களா?” என்று ஒரு குரல் வரும். என் மகள் அதைப் புகுந்த வீட்டிலும் போய்ச் சொல்லிவிட்டாள். “எனக்கு ஒன்னு ஆச்சுன்னா அப்பாகிட்ட விட்டுடாத” என்று செலின் அவளிடம் தனியாகச் சத்தியம் வாங்கி வைத்திருக்கிறாள்.

போன நவம்பரில் மெழுகுவத்திகளை ஏற்றிவிட்டு அம்மாவின் பேரையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணில் நீர் முட்டிவிட்டது. பதினேழாம் எண்ணின் பக்கத்திலிருந்து விக்தோரின் மதாம் எட்டிப் பார்த்தார்.

“முசியே சூசை, இப்பதான் சரியான எடத்துல அழுவறீங்க” என்றார். “நல்லா அழுவுங்க.”