பால் பொங்கக் கூடாத மேல்மாடி

வாடகைக்கு வீடு விடுகிறவர்களில் பல இனம் உண்டு. சுவரில் ஆணி அடித்தால் தன் நெஞ்சில் அடித்ததாகத் துடிப்பவர் ஒரு இனம். மீன் பொரிக்கும் மணம் வந்தால் மட்டும் சுகம் விசாரிக்க வருபவர் இன்னோர் இனம். இவர்களை நீங்கள் அறிவீர்கள். இவர்களிடம் குடியிருந்தும் இருப்பீர்கள். இவர்களையெல்லாம் தங்கமான மனிதர்களாக்கிவிடும் புதிய இனம் ஒன்று இப்போது பெருகி வருகிறது: காப்புறுதி எடுத்த வீட்டுக்காரர். வீட்டுக்கு ஏதாவது நடந்துவிடுமோ என்று மற்றவர்கள் பயப்படுவார்கள். இவருக்கு அந்தப் பயம் கிடையாது. நடந்த பிறகு கம்பனியிலிருந்து 'வருந்துகிறோம்' என்று ஒரு கடிதம் வருமே, அதற்குத்தான் பயம்.

நாவற்குடா நல்லரத்தினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் முப்பது வருடம் கோப்புகளைக் கட்டிக் காத்து ஓய்வுபெற்றவர். வந்த காசில் இருந்த வீட்டுக்கு மேலே ஒரு மாடி எழுப்பினார். இரண்டு அறை, ஒரு குசினி, வேண்டியளவு வாவிக் காற்று. முகவர் ஜிப்ரி காத்தான்குடியிலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்து அந்த மாடிக்குக் காப்புறுதி எழுதிவிட்டுப் போனார். அதுவரை பிழையில்லை. மறுநாள் நல்லரத்தினம் ஒரு காரியம் செய்தார். பத்திரத்தை வாசித்தார். முப்பத்திரண்டு பக்கமும்! விற்ற ஜிப்ரியே வாசித்ததில்லை. வாசித்திருந்தால் இவருக்கு விற்றிருக்க மாட்டார்.

தீ, வெள்ளம், புயல், மின்னல் எல்லாவற்றுக்கும் நட்டஈடு உண்டு. விமானம் விழுந்தாலும் உண்டு. அதை வாசித்த நாளிலிருந்து அவர் வானத்தை ஓர் எதிர்பார்ப்போடு பார்க்கத் தொடங்கினார். ஆனால் ஒன்பதாம் பக்கத்தில் இடி விழுந்தது: குடியிருப்பவரின் கவனயீனத்தால் வரும் சேதத்துக்கு நட்டஈடு இல்லை. குடியிருப்பவர் என்றால் யார்? ஒரு மனிதர். மனிதரிடம் கவனயீனம் இல்லாமல் இருக்குமா? ஆகவே இருபத்தொரு கேள்விகள் தயாராகின.

கேஸ் அடுப்பு வைத்திருந்த குடும்பம் மூன்றாம் கேள்வியில் விழுந்தது. மீன்தொட்டி வைத்திருந்தவர் ஏழில் விழுந்தார். காத்தான்குடித் துணி வியாபாரி நளீர் பன்னிரண்டு வரை வந்தார். அங்கே, "துணி எரியுமே" என்றார் நல்லரத்தினம்.

"உடுத்திருக்கிறதும் துணிதான் ஐயா. அதையும் கழட்டிப்போட்டு வரவா?" என்று கேட்டுவிட்டு நளீர் செருப்பை மாட்டினார்.

வங்கியில் வேலைசெய்யும் ஒரு தனிக்கட்டை மட்டும் இருபத்தொரு கேள்விகளையும் வென்றான். சமைப்பதில்லை. விளக்கேற்றுவதில்லை. குளிப்பதுகூடக் குறைவு. பூரித்துப்போன வீட்டுக்காரரிடம், "நான் வீட்டில இருக்கிறதே இல்ல அங்கிள்" என்று ஒரு சொல் கூடுதலாகச் சொன்னான். போச்சு. பத்தொன்பதாம் பக்கம் சொல்கிறது: தொடர்ந்து முப்பது நாள் ஆள் வசிக்காத வீட்டுக்குக் காப்புறுதி செல்லாது.

அப்போதுதான் நல்லரத்தினம் கலண்டரைப் பார்த்தார். பத்திரம் எழுதி இருபத்தேழு நாள். வெள்ளிக்கிழமையோடு முப்பது. மாரி மழையும் கறுத்துக்கொண்டு நின்றது. ஜிப்ரிக்கு அழைப்புப் போனது.

"ஆள் இல்லாட்டி காப்பு இல்ல ஐயா."

"ஆள் இருந்தா ஆபத்துத் தம்பி."

"அந்த ஆபத்துக்குத்தானே ஐயா காப்பு?"

இவ்வளவு பொறுப்பில்லாத பேச்சை ஒரு முகவரிடம் அவர் எதிர்பார்க்கவில்லை.

புதன்கிழமை பிரதீசும் அவன் மனைவி தனுஷாவும் வந்தார்கள். களுதாவளையிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியை அவள். திங்கள் பாடசாலையில் கையெழுத்து வைக்கவேண்டும். அடுப்பு மின்சார அடுப்பு. சாம்பிராணி வாசலுக்கு வெளியே. இருபது கேள்விகள் வழுக்கிக்கொண்டு போயின. வெள்ளி காலை நல்ல நேரம், பால் காய்ச்சிக் குடிபுகலாம் என்றாள்.

"பால் பொங்குமா?" இது இருபத்தொன்று.

"பொங்காட்டி எதுக்கு அங்கிள் காச்சிற?"

"காச்சுங்க புள்ள, வேணாமெண்டு சொல்லல்ல. விளிம்புக்குக் கிட்ட வரக்குள்ள நிப்பாட்டுங்க."

"முதல் பாலே பொங்காட்டி மறுகா அந்த வீட்டில என்ன பொங்கப்போகுது?"

மின்சார அடுப்பில் பால் வழிந்தால் தீ. தீ பிடித்தால் விசாரணை. அவர் மறுபடியும் ஜிப்ரியை அழைத்தார். "தெரிஞ்சுகொண்டே பொங்க விட்டா அது கவனயீனமா, தம்பி?"

பதினைந்து வருடத் தொழிலில் ஜிப்ரியிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. "தெரியாமப் பொங்கினதெண்டு எழுதுவம் ஐயா."

"நல்ல நேரம் பாத்தா தெரியாமப் பொங்கும்?"

பிரதீஸ் ஹெல்மெட்டை எடுத்தான். "வா தனு. இவர் மாட்டுக்கும் காப்புறுதி கேப்பார்."

வியாழக்கிழமை நல்லரத்தினத்துக்கு ஒரு ஞானம் பிறந்தது. நம்பத்தகுந்த குடியிருப்பாளர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு, அது தானேதான். பாயும் மின்விசிறியுமாகத் தானே மேலே போய் வசித்தால் வேலை முடிந்தது. அதைப் பத்திரத்தில் பதிய ஜிப்ரி வந்தார். வந்தவர், முதல் தடவை கேட்க மறந்த ஒன்றைக் கேட்டார்: காணி உறுதிப் பத்திரத்தின் பிரதி.

நல்லரத்தினத்தின் மனைவி சீதேவிப்பிள்ளை அலுமாரியைத் திறந்து உறுதியை எடுத்துவந்து நீட்டினார். ஜிப்ரி வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார்.

மட்டக்களப்புப் பக்கத்து வழமை உங்களுக்குத் தெரியும்தானே? பெண்ணுக்கு வீடு சீதனமாகப் போகும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்குக் குடிபோவார். போன மாப்பிள்ளை முதல் வருடம் 'அவ வீடு' என்பார். பத்தாம் வருடம் 'எங்கட வீடு' என்பார். முப்பதாம் வருடம் விண்ணப்பப் படிவத்தில் 'உரிமையாளர்' என்ற கோட்டின் மேல் தன் பெயரைக் கூசாமல் எழுதுவார். மனதறிந்து பொய் சொல்லாத மனிதர், மறந்துதான் போனார்.

"ஐயா," என்றார் ஜிப்ரி மெதுவாக, "காணியும் வீடும் அம்மாட பேரில கிடக்கு. ஒங்கட பேரில எழுதின காப்பு ஒரு நாளும் செல்லுபடியாகல்ல. இப்ப இந்த வீட்டில நீங்க ஆரெண்டு எழுதுற?"

"குடியிருக்கிறவரெண்டு எழுதுங்க தம்பி," என்றார் சீதேவிப்பிள்ளை. "முப்பத்தொரு வருசமா இருக்கார். கவனயீனம் கொஞ்சம் இருக்கு, பாதகமில்ல. புதுசா எழுதுறதை என்ட பேரில எழுதுங்க. இஞ்சாருங்க, அந்த ரீச்சர்ப் புள்ளைட நம்பரைத் தாங்க."

வெள்ளி காலை மேல்மாடியில் பால் பொங்கி நாலு பக்கமும் வழிந்தது. தனுஷா கைதட்டினாள். குடியிருப்பாளர் நல்லரத்தினம் ஒரு வாளித் தண்ணீரோடு குசினி வாசலில் நின்று, பொங்கிய பாலில் முதல் கோப்பையை வாங்கிக் குடித்தார். சீனி போதாது என்று முறைப்பாடு செய்ய வாயெடுத்து, யாரிடம் செய்வது என்று தெரியாமல் விழுங்கிவிட்டார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. 'நம்மட வீட்டில ஆணி அடிக்க விடமாட்டன்' என்று நீங்கள் கடைசியாக எப்போது சொன்னீர்கள்? சொன்ன வீட்டின் உறுதியில் யாருடைய பெயர் என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பார்ப்பதற்காக, அலுமாரிச் சாவி எங்கே என்று இப்போது உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறீர்களா? அப்படியானால் விடுங்கள், பார்க்கத் தேவையில்லை.