உங்கள் மச்சானின் தோள்கள்

தலத்தெரு, காரைக்கால்
10-8-1978

பாசமும் மரியாதையும் நிறைந்த சிலுவைராஜ் அண்ணனுக்கு,

தங்கை ஜெயமேரி எழுதுவது. மாதாவின் இரக்கத்தால் இங்கே உங்கள் மச்சானின் தோள்களைத் தவிர மற்ற எல்லாம் சுகம். புதுச்சேரியில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். இனி எழுதப்போவதைக் கோபப்படாமல் படிக்கவும். கோபப்பட வேண்டியவள் நான். இத்தனைக்கும் காரணம் நீங்கள்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது, டைபாய்டில் கிடந்து எழுந்தவர் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்க முடியாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, "பிரெஞ்சுப் பட்டாளத்துல பாக்சருங்களுக்கு நான் குடுத்த பயிற்சி மச்சான், செஞ்சு பாருங்க, தோளு தானா தெரண்டு வரும்" என்று சொல்லிக்கொடுத்துவிட்டு நீங்கள் பஸ் ஏறிப் போய்விட்டீர்கள். அவர் சித்திரம் சொல்லித்தருகிற வாத்தியார், அண்ணா. தட்டில் சோறு ஆறிப்போனதுகூடத் தெரியாமல் சுவரில் விழும் வெயிலைப் பார்த்துக்கொண்டிருப்பவர். அவருக்குத் தண்டால் பிடித்துப்போகும் என்று யார் கண்டது?

முதலில் சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டி இரண்டு கையாலும் இழுத்தார். கம்பி கையோடு வந்துவிட்டது. அதைப் பிடித்தபடியே, "ஜெயா, இப்ப காத்து நல்லா வருது பாரு" என்றார். பிறகு ஒரு சாக்கில் மணலை அடைத்து, கொல்லைக் கொட்டகையின் விட்டத்தில் தொங்கவிட்டுக் குத்த ஆரம்பித்தார். விடிந்தும் விடியாமலும் தொம் தொம் என்று சத்தம், ஒவ்வொரு குத்துக்கும் உஸ் உஸ் என்று மூச்சு. இதைக் கேட்டுக் கேட்டு அடுத்த வீட்டுப் பங்கஜவல்லி அக்கா, தெருக்குழாயடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏண்டி ஜெயா, ஆளப் பாத்தா பூன மாரி இருக்காரு, தெனம் இந்த அடி அடிக்கிறாரே, வாய்விட்டு அழக்கூடவா மாட்ட?" என்று கண் கலங்கினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையை மறைக்கத்தான் சிரிக்கிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பேச்சு கோயில்வரை போய், எங்களைச் சமாதானப்படுத்தப் பங்குச் சாமியாரே வந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து இவர் சட்டையில்லாமல், வாசல் நிலையின் இரண்டு பக்கமும் முழங்கைகளை ஊன்றி, நெஞ்சை முன்னால் தள்ளி, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நெஞ்சுத் தசை விரிய நீங்கள் சொன்ன அதே பயிற்சிதான். சாமியார் படியிலேயே நின்று சிலுவை போட்டுக்கொண்டார். இவர் கண்ணைத் திறக்காமலே, "வாங்க சாமி, இப்புடி நின்னா தோளுக்குள்ள ஏதோ கதவு தொறக்குற மாரி இருக்கு" என்றார். சாமியாருக்கும் கழுத்துப் பிடிப்பாம். இருவரும் ஆளுக்கொரு கதவு நிலையில் வெகுநேரம் நின்றார்கள். என் குடும்பத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒருநாள் விடியற்காலையில் ஆளைக் காணோம் என்று தேடிக்கொண்டு போனேன். அரசலாறு கடலில் கலக்கிற இடத்தில் தண்ணீருக்கும் வானத்துக்கும் ஒரே நிறமாக இருந்தது. நடுவில் இவர் மட்டும் காற்றைக் குத்திக்கொண்டு நின்றார். குத்துவது போலவே இல்லை, அண்ணா. கண்ணுக்குத் தெரியாத பெரிய தாளில் நீளநீளமாகக் கோடு இழுப்பதுபோல் இருந்தது. தோள் மெல்ல உருளும், கை நீளும், அலையோடு சேர்ந்து திரும்பி வரும். திட்டப் போனவள் எதற்கு வந்தோம் என்பதே மறந்து, புடவைக் கரை நனைய நின்றுவிட்டேன். அதற்காகக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

விஷயம் இனிமேல்தான் இருக்கிறது. அவர் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் பூமிநாதன், ஆள் கதவு அகலம் இருப்பார். "பிரஷ் புடிக்கிற கையி குத்துமா சார்?" என்று கேட்டாராம். இவர் யோசித்துவிட்டு, "எனக்கும் தெரியலியே சார், குத்திப் பாத்துருவமா?" என்றாராம். வருகிற ஞாயிறு, மாதா திருநாள் விளையாட்டில் இருவரும் குத்துச்சண்டை மேடை ஏறுகிறார்கள். காய்ச்சலில் என் மடியில் கிடந்து இவர் தண்ணீர் கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த நெஞ்சில் ஒருவன் குத்துவதை என்னால் பார்க்க முடியாது, அண்ணா. சனிக்கிழமையே புறப்பட்டு வந்து, கற்றுக்கொடுத்த நீங்களே அவரைத் தடுத்து நிறுத்துங்கள்.

அண்ணியின் கைகளுக்கு என் முத்தம். பிள்ளைகளின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை வரைந்துவிடவும்.

தூக்கம் கெட்ட தங்கை,
ஜெயமேரி

பி.கு.: இன்று ஞாயிறு சாயங்காலம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி அவரிடமே கொடுத்தது என் தப்பு. மேடை ஏறுமுன் கழற்றித் தந்த சட்டைப்பையில் அப்படியே இருந்தது.

முதல் சுற்று முழுக்க அவர்மேல் ஒரு அடி விழவில்லை. ஏதோ நினைவில் நடப்பவர்போல விலகிக்கொண்டே இருந்தார். இரண்டாம் சுற்றில் அவர் கை நீண்டு பூமிநாதன் மூக்கில் பட்டது. கூட்டம் கத்தியது. இவர் உடனே கையை இறக்கிவிட்டு, "வலிக்குதா சார்?" என்று கேட்டார். பூமிநாதன் பதிலுக்கு இவர் கன்னத்தில் ஒன்று விட்டார். இவர் விழுந்தார். நடுவர் எண்ணத் தொடங்கியதும் நான் பெஞ்சின்மேல் ஏறி, "மெதுவா எண்ணுங்க! என்னங்க, எந்திரிங்க, விட்டுராதீங்க, அந்த மூக்குலயே குத்துங்க!" என்று கத்தியிருக்கிறேன். பங்கஜவல்லி அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும். எழுந்து கடைசிவரை நின்றார், தோற்றுவிட்டார். அடுத்த வருஷம் நான் விடுவதாக இல்லை.

ஆகையால் தடுக்க வர வேண்டாம், அண்ணா. குத்திய பிறகு நலம் விசாரிக்காமல் இருக்கப் பட்டாளத்தில் ஏதாவது பயிற்சி உண்டா? அதை மட்டும் எழுதுங்கள்.